நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

எங்கள் அளவைக் கணக்கருக்கு நான் நான்கு மாதச் சம்பளம் பாக்கி வைத்திருந்தேன். நாற்பத்தெட்டாயிரம். பதினொரு வருடம் கொடுக்கவில்லை. கையில் இல்லாமல் அல்ல. அந்தப் பதினொரு வருடத்தில்தான் நான் இரண்டு வீடு கட்டினேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நில அளவைக்காரர்களுக்குப் பின்னால் கோலும் சங்கிலியும் சுமந்துதான் இந்தத் தொழிலுக்குள் வந்தேன். முப்பத்தைந்து வயதில் சொந்தக் கருவி, நாற்பதில் சொந்த அலுவலகம், ஐம்பதில் எனக்குக் கீழே பதினெட்டுப் பேர். இந்தப் பக்கத்தில் நான் அளக்காமல் எழும்பிய பாலம் கிடையாது. யாரும் எனக்கு எதையும் தூக்கிக் கொடுக்கவில்லை.

ஆனால் இங்கே எழுத வந்தது என்னைப் பற்றி அல்ல, அந்தக் கணக்கரைப் பற்றி. நாங்கள் அளந்து வருவதைக் கணக்குப் போட்டு வரைபடமாக்குவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குத் ‘தசமம்’ என்று பெயர். எந்த எண்ணையும் முழுதாக்கிச் சொல்ல மாட்டார். “டீ எத்தனை வாங்கணும்?” என்று கேட்டால், “நாலரை. டிரைவர் பாதிதான் குடிப்பாரு” என்பார். ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் மூன்று பென்சில், மூன்றும் ஊசி மாதிரி கூர். வேலை பார்த்துக்கொண்டே தபாலில் படித்து, அளவைக் கணக்கருக்கான உரிமத் தேர்வை மூன்றாவது தடவையில் தேறினார். வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமை கிடைத்த அன்று, வெற்றுத் தாளில் நாற்பது தடவை போட்டுப் பழகினார். நான் பார்த்துச் சிரித்தேன்.

அந்த வருடம் எங்கள் விமான நிலையத்துக்குப் புது ஏற்பாடு வந்தது. மேகம் தாழ்ந்து கிடக்கும் நாளிலும், செயற்கைக்கோள் காட்டும் வழியில் விமானம் ஓடுபாதைக்கு இறங்கி வரலாம். அதற்கு ஓடுபாதையின் இரண்டு முனைகளும் எங்கே இருக்கின்றன என்று எண்களில் சொல்லியாக வேண்டும். அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. கொடுத்த எண்ணைத்தான் நம்பும். அளந்து கொடுக்கும் வேலை என் கைக்கு வந்தது.

ஓடுபாதை ஓரத்தில் ஒரு பழைய அளவைக் கல் உண்டு. இருபத்தாறு வயதில் நானே குழி வெட்டி, சிமென்ட் ஊற்றி நட்டது. அது நிற்கும் இடத்தின் எண்கள் பதிவேட்டில் இருந்தன. எனக்கு மனப்பாடமாகவும் இருந்தன. அதன் மேல் கருவியை நிறுத்தினோம். கருவி தான் நிற்பதாகச் சொன்ன இடமும் பதிவேடு சொன்ன இடமும் ஒன்றாக இல்லை. நடுவே நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்.

“முதலாளி, இது பிசகு இல்ல. ரெண்டும் வேற வேற கணக்கு” என்றார் தசமம்.

“எனக்குப் புரியுற மாதிரி சொல்லுய்யா.”

கருவிப் பெட்டியின் மூடியிலேயே பென்சிலால் இரண்டு வட்டம் போட்டார். “பழைய ஆளுங்க, நம்ம நாட்டுக்குப் பொருந்துற மாதிரி பூமிக்கு ஒரு உருவம் வச்சுக்கிட்டாங்க. ஒரு மலை மேல இருக்குற கல்லுலேர்ந்து எண்ண ஆரம்பிச்சாங்க. செயற்கைக்கோள் பூமியோட மையத்தைச் சுத்துது. அதனால மையத்துலேர்ந்து எண்ணுது. கல்லு நகரவே இல்ல. எண்ணத் தொடங்குன இடம்தான் வேற. விமானமும் செயற்கைக்கோள் கணக்குலதான் வரும். பழைய எண்ணை அப்படியே குடுக்கக் கூடாது, மாத்திக் குடுக்கணும். ரெண்டு நாள் குடுங்க, இந்தக் கல்லு மேலயே வச்சு சரி பார்த்துடுறேன்.”

“ரெண்டு நாளா? நாளைக்கே ஒப்படைக்கணும். தாமதம் ஆனா எவ்வளவு பிடிப்பாங்கன்னு தெரியுமா? கருவி கொஞ்சம் அலையுது, அவ்வளவுதான்.”

“மூணு மீட்டர் அலையுதுன்னா ஒத்துக்குறேன். நூத்திப்பன்னெண்டு மீட்டர் எப்படி அலையும்? குடிச்சிருக்கா அது?”

சுற்றி நின்ற ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

“நீ அரைக்கால் டவுசர் போட்டுக்கிட்டுத் திரிஞ்சப்ப நான் நட்ட கல்லு இது. கல்லோட எண்ணைப் போடு. சொன்னதைச் செய்.”

பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு குனிந்து எண்ணைப் போட்டார்.

அதன் பிறகு அளந்தது எல்லாம் அச்சுப் பிசகாமல் வந்தது. ஓடுபாதையின் நீளம் விரற்கடைகூட மாறவில்லை. மொத்தமும் சேர்ந்தே நகர்ந்திருந்தால் உள்ளே என்ன தெரியும்? நான்கூட அவரைத் தட்டிக்கொடுத்து, “பாத்தியா?” என்றேன்.

பயணிகள் விமானம் இறங்குவதற்கு முன் சோதனை விமானம் பறந்து பார்ப்பது வழக்கம். அந்த வழக்கம் இருந்ததால்தான் யார் உயிரும் போகவில்லை. வானம் தெளிந்திருந்த காலை. ஓரத்தில் வரிசையாக நின்று பார்த்தோம். விமானம் அழகாக, அலுங்காமல் இறங்கி வந்தது, ஓடுபாதைக்கு வலப்பக்கம் சாக்கடை ஓரத்துப் புல்தரையைப் பார்த்து. விமானிக்குக் கண் இருந்தது. தாழ வந்தவர் மேலே தூக்கிவிட்டார். மேகமாக இருந்திருந்தால் என்று அன்று நினைக்க ஆரம்பித்தேன், இன்னும் நிறுத்தவில்லை.

இரண்டாம் சுற்றில் ஓடுபாதையில் இறங்கி வந்த விமானி, “ஓடுபாதையை யாருக்குய்யா வித்தீங்க? மாடு மேய்க்கிறவனுக்கா?” என்றார்.

விசாரணை வைத்தார்கள். நீள மேசைக்குப் பின்னால் மூன்று அதிகாரிகள். நானும் தசமமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். “கல்லின் பழைய எண்ணைக் கருவியில் போட்டது யார்?” என்று கேட்டார்கள்.

“அவர்தான்” என்றேன்.

அது பொய் இல்லை. பொய் இல்லை என்று எனக்கு நானே எத்தனை தடவை சொல்லிக்கொண்டேன் என்பதற்குக் கணக்கே இல்லை. தசமம் என் பக்கம் திரும்பினார். மீதியையும் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் தண்ணீர் குடித்தேன். பிறகு அவரும் வாயைத் திறக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு அவருடைய உரிமத்தை நிறுத்தினார்கள். மறுபடி அளந்த செலவு என் கையைக் கடித்தது. அதைச் சாக்காக வைத்து அவருடைய நான்கு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டு வேலையைவிட்டு நிறுத்தினேன். மூன்று வருடம் கழிந்தும் யாரும் அவரைச் சேர்க்கவில்லை. தரைக்கல் விற்கும் கடையில், வீடு வீடாகப் போய்க் குளியலறை அளக்கும் வேலைக்குச் சேர்ந்தார்.

என் மகள் இதே படிப்பைப் படித்துவிட்டு அலுவலகத்தை ஏற்றுக்கொண்டாள். விமான நிலையத்தில் மறுபடி ஒரு வேலைக்கு விலைப்புள்ளி கேட்டார்கள். அதற்காகப் பழைய கோப்பைப் புரட்டியவள் என் முன்னால் வந்து நின்றாள்.

“அப்பா, டீயைக்கூட நாலரைன்னு கணக்குப் போட்டவருன்னு நீங்கதான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீங்க. அவரு நூத்திப்பன்னெண்டு மீட்டரைக் கோட்டை விடுவாரா? பழைய எண்ணைப் போடச் சொன்னது யாரு?”

நான் சன்னலைப் பார்த்தேன்.

“உங்களைத்தான் கேக்குறேன்.”

“நான்தான்மா.”

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். “அந்தச் சம்பளத்தையாவது குடுத்தீங்களா?” என்றாள். தலையை ஆட்டினேன். இல்லை என்று.

மறுநாள் சம்பளத்துக்கு மூன்று மடங்கு பணத்தை உறையில் போட்டுக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி, ஒற்றை அறை. வாசல் பக்கம் தையல் மெஷின். அவர் மனைவி ஊசியை நிறுத்தாமலே ஏறிட்டுப் பார்த்தார்.

“வாங்கண்ணா. வீடு சரியா தெரிஞ்சுதா? இல்ல நூறு மீட்டர் தள்ளிப் போய்த் தேடிட்டு வர்றீங்களா?”

தசமம் உள்ளேயிருந்து வந்தார். தலை நரைத்திருந்தது. உறையை மேசையில் வைத்தேன்.

“சம்பளம். வட்டியும் சேத்திருக்கேன்.”

அவர் அதைத் தொடவில்லை. “அன்னைக்கு ஒரு கேள்வி கேட்டாங்களே முதலாளி. அதுக்குப் பாதிதான் பதில் சொன்னீங்க. மீதியைச் சொல்லிட்டீங்களா?”

“இப்ப போயி யாருகிட்டப்பா...”

“ஏர்போர்ட் ஆபீஸ் அங்கேயேதான் இருக்கு” என்றார் அவர் மனைவி. “எடுத்துட்டுப் போங்க இதை.”

அந்த மாடிப்படியில் இறங்கிய மாதிரி நான் எங்கேயும் இறங்கியதில்லை.

விமான நிலையத்துக்குக் கொடுக்கவேண்டிய கடிதத்தை மகள் தட்டச்சு செய்து தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். மூன்று நாள், பதினொரு தாள் கிழிந்தது. கடைசியில் நின்றது மூன்று வரி: எண்ணைப் போட்டவர் அவர். போடச் சொன்னவன் நான். வேண்டாம் என்று அவர் தடுத்தார்.

விமான நிலைய அலுவலகத்தில் இருந்தவர் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “ஐயா, இதை வாங்கிட்டேன்னா உங்க கம்பெனிக்கு இனிமே இங்க வேலை கிடையாது. யோசிச்சுட்டுத்தான் குடுக்குறீங்களா?”

பக்கத்தில் நின்ற மகளைப் பார்த்தேன். இரண்டு மாதம் கண்விழித்து அவள் தயாரித்த விலைப்புள்ளி இதோடு போய்விடும். “முத்திரை குத்துங்க சார்” என்றாள் அவளே.

முத்திரையிட்ட நகலோடு மறுபடி மாடி ஏறினேன். தசமம் நின்றபடியே படித்தார். பிறகு மனைவியிடம் நீட்டினார். அந்த அம்மா ஒரு தடவை மெதுவாகப் படித்தார். மறு தடவை சன்னலுக்குப் போய், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தார்.

“என்னை மன்னிச்சிடுப்பா” என்றேன். தசமம் கடிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மன்னிப்பு நான் கேட்டுப் பெறுகிற பொருள் இல்லை.

உறையை நீட்டினேன்.

“வட்டி வேண்டாம். என் சம்பளம் மட்டும் போதும். கட்டா வேண்டாம் முதலாளி, எண்ணிக் குடுங்க.”

கையை நீட்டினார். தரைக்கல் தூசி ரேகைக்குள் வெள்ளையாக ஏறியிருந்தது. தினக்கூலி கொடுப்பது போல வாய்விட்டு எண்ணி, ஆயிரம் ஆயிரமாக அந்தக் கையில் வைத்தேன். நடுவில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டன, பிரித்தேன். அவர் காத்திருந்தார். நாற்பத்தாறு. நாற்பத்தேழு. நாற்பத்தெட்டு.