எட்டணா ஸ்டாம்பு

அந்த வருஷம் என்னால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. வயிற்றில் ஐந்து மாதம். மதுரை சிம்மக்கல்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் மொத்தமே இரண்டு அறை. அந்த இரண்டுக்குள் நான் நடந்த நடையைச் சேர்த்துப் பார்த்தால் அழகர்கோவில் போய்த் திரும்பியிருக்கலாம். "வயித்துல இருக்குறதுக்குத் தலை சுத்தப் போகுது, உக்காரு" என்பார் என் கணவர். உட்காருவேன். அவர் கடைக்குப் போனதும் எழுந்துவிடுவேன்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இது இரண்டாவது பிரசவம். முதல் பிள்ளை உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம் என் அம்மா வீட்டில் பிறந்து மூன்று நாள் இருந்தது. ஆண் பிள்ளை. என்ன காரணம் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. மதுரையிலிருந்து அத்தை, அதாவது என் மாமியார், பஸ் ஏறி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பிறக்காத பிள்ளைக்குப் பொருள் வாங்கி வைத்தால் பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பயம் உண்டு. முதல் தடவை அத்தை அதைப் பற்றி வாய் திறந்ததாகவே எனக்கு ஞாபகம் இல்லை. இந்தத் தடவை நாள் தள்ளிப்போன அன்றே சொல்லிவிட்டார். "காசு குடுத்து ஒரு நூலு வாங்கக் கூடாது. பிள்ளை பொறந்து, அழுது, பால் குடிச்ச பெறகுதான் எதுன்னாலும். சொல்லிப்புட்டேன்." சாதாரணமாக மெதுவாகப் பேசுகிறவர். அன்று குரலில் இருந்த கடுமை எனக்குப் புரியவில்லை, எரிச்சல்தான் வந்தது. வெறுங்கையோடு எப்படிக் காத்திருப்பது? சும்மா இருந்தால் அந்த மூன்று நாளும் திரும்பத் திரும்ப வந்து நின்றன.

வழியைத் திறந்துவிட்டதும் அத்தைதான். ஒரு நாள் காலையில் ஆற்றைத் தாண்டிக் கோரிப்பாளையம் போய், தனக்குப் பழக்கமான ஒரு பாயம்மா வீட்டிலிருந்து வெளுத்துப்போன சின்னச் சட்டை ஒன்றை வாங்கி வந்தார். அந்த அம்மாளுக்கு ஏழு பிள்ளைகள், ஏழும் நன்றாக இருந்தன. ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட சட்டை அது. பிள்ளை தங்காத வீட்டில், பிள்ளை தங்கிய வீட்டுத் துணியைக் கேட்டு வாங்கிப் போடுவது வழக்கம். "இது கேட்டு வாங்குனது. காசு குடுக்கல. அதுனால தோஷமில்ல" என்றார்.

எனக்கு அது போதும். காசு கொடுக்காமல் வந்தால் தோஷமில்லை என்று அவர் வாயாலேயே வந்துவிட்டது. மறுநாளே வேட்டையை ஆரம்பித்துவிட்டேன்.

மாடியில் ஒரு மருந்துக் கம்பெனி ரெப்பு குடியிருந்தார். திருச்சிக்காரர். ஒரு கனத்த தோல் பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் டாக்டராகப் போய்வருகிறவர். படியில் மறித்துக்கொண்டேன்.

"அண்ணே, பையில பிள்ளைகளுக்கு உள்ளது ஏதாச்சும் இருக்கா?"

"இதெல்லாம் டாக்டருங்களுக்கு சாம்பிள் கொடுக்கிறதும்மா."

"டாக்டரா பிள்ளை பெறப் போறாரு?"

சிரித்துவிட்டார். விரல் நீளத்தில் ஒரு சொட்டு மருந்து பாட்டிலும், உள்ளங்கையில் அடங்குகிற பால்பவுடர் டின் ஒன்றும் கொடுத்தார். டின்னின் பக்கவாட்டில் ஆங்கிலத்தில் சின்னதாக அச்சடித்திருந்தது: இலவச மாதிரி, விற்பனைக்கு அல்ல. பத்தாவது வரை படித்த படிப்பு அன்றைக்குத்தான் உதவியது. நேராக அடுப்படிக்குப் போய் அத்தையின் முகத்துக்கு நேரே டின்னைப் பிடித்தேன்.

"என்ன எழுதியிருக்குனு தெரியுமா அத்தை? இதை விக்கவே கூடாதாம். விக்காத பொருளை எப்படிக் காசு குடுத்து வாங்க முடியும்?"

எழுத்து தெரியாதவர் அத்தை. டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவனுக்கு ஏதும் குடுத்தியா?"

"ஒண்ணும் குடுக்கல."

"அப்பச் சரி" என்று அரைமனதாகச் சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. சிம்மக்கல் மருந்துக் கடைகளில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு போய் நின்று, சாம்பிள் இருக்கிறதா என்று கூசாமல் கேட்டேன். கொழுகொழுவென்று ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை சிரிக்கிற காலண்டர் ஒன்று கிடைத்தது. வயிற்றுவலி மருந்து இரண்டு பாட்டில் கிடைத்தது. ஒரே வாரத்தில் மூன்று டாக்டரம்மாக்களிடம் போனேன். அவர்கள் என் வயிற்றைப் பார்த்தார்கள், நான் அவர்கள் மேஜையைப் பார்த்தேன். "மூணு பேருக்கு ஃபீஸ் அழுதுட்டு ஒரு ஓசி டின்னா?" என்று என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு எப்படிச் சொல்வது? ஒவ்வொரு டின்னையும் அலமாரியில் வைக்கும்போது, இந்தப் பிள்ளை நிச்சயமாக வருகிறது என்று ஒரு பத்து நிமிஷம் நம்ப முடிந்தது. பத்து நிமிஷம்தான். பிறகு அடுத்த டின் வேண்டியிருந்தது.

ஏழாவது மாதம் ஒரு வாரப் பத்திரிகையில் அந்தக் கூப்பனைப் பார்த்தேன். தாய்மார்களுக்கு இலவசப் பரிசுப் பெட்டி. உள்ளே சோப்பு, பவுடர், எண்ணெய், பிள்ளை வளர்ப்புப் புத்தகம். பெயர், விலாசம், பிரசவ மாதம் எழுதிப் பம்பாய்க்கு அனுப்ப வேண்டும். அன்றே வெட்டி, எழுதி, உறையில் போட்டு, நானே நடந்துபோய்த் தபால்பெட்டியில் சேர்த்துவிட்டு வந்தேன். வீட்டு வாசலில் அத்தை நின்றிருந்தார்.

"எங்க போயிட்டு வார?"

கூப்பனைப் பற்றிச் சொன்னேன்.

"காசு கேட்டானா?"

"இல்ல அத்தை, இலவசம்" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, ஞாபகம் வந்துவிட்டது. கூப்பனின் கடைசி வரியில், தபால் செலவுக்கு ஐம்பது பைசா ஸ்டாம்பு இணைக்கவும் என்று இருந்தது. வீட்டில் கிடந்த ஸ்டாம்பைக் கிழித்து உள்ளே வைத்திருந்தேன். வைத்தபோது அது காசாகவே தோன்றவில்லை. இப்போது தோன்றியது. எட்டணா. பிறக்காத என் பிள்ளைக்கு நான் எட்டணா கொடுத்துப் பொருள் வாங்கிவிட்டேன்.

உப்பு வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டுத் தபால்பெட்டிக்கு ஓடினேன். ஏழு மாதக்காரி ஓடுவதைத் தெருவே வேடிக்கை பார்த்தது. தபால்காரர் பையைக் கட்டிச் சைக்கிளில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு கவர் தெரியாமப் போட்டுட்டேன். எடுத்துக் குடுங்கண்ணே."

"பெட்டியில போட்டா அது சர்க்காரு சொத்தும்மா. குடுத்தா என் வேலை போயிரும்" என்று சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சைக்கிள் திருப்பத்தில் மறையும்வரை நின்றேன். அவர் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவர் என்ன செய்வார், பாவம்.

அன்று மத்தியானம் முழுக்க வயிற்றில் அசைவு இல்லை. சீனித் தண்ணீர் குடித்தேன், இடப்பக்கம் படுத்தேன், எழுந்து நடந்தேன். சாயங்காலம் ஒரு உதை விழுந்ததும் சுவரில் சாய்ந்து அழுதேன். அத்தை வந்து என்னவென்று கேட்டார். இடுப்பு வலி என்றேன். அன்று முதல் பிரசவம் வரை அவர் கண்ணை நேராகப் பார்த்த ஞாபகம் இல்லை எனக்கு.

எட்டாம் மாதம் பெட்டி வந்தது. நல்லவேளை, அத்தை கோயிலுக்குப் போயிருந்தார். பிரிக்கவில்லை. தூக்கி எறியவும் தைரியமில்லை. எறிந்தால் அதுவே ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். பரண் மேல் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அதன் பிறகு சாம்பிள் கேட்டு எந்தக் கடை வாசலையும் மிதிக்கவில்லை. படியில் எதிரே வந்த ரெப்பு அவராகவே பையைத் திறந்தபோதும் வேண்டாம் என்றுவிட்டேன்.

பெரியாஸ்பத்திரியில் பெண் பிறந்தது. பிறந்த கையோடு போட்ட கூச்சலில் நர்ஸே சிரித்தார். உடம்புக்குப் பழைய வேட்டித் துணி, அதற்கு மேல் கோரிப்பாளையத்துச் சட்டை. தைரியத்துக்குக் கொண்டுபோயிருந்த பால்பவுடர் டின்னைப் பார்த்து அந்த நர்ஸ், "உனக்குப் பால் நல்லா ஊறுதே, இது எதுக்கு? இதைக் குடுத்துப் பழக்குனா உன் பால் வத்திரும். அப்புறம் கடையில வாங்கித்தான் ஆகணும்" என்றார். ஓசியாகக் கொடுப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த டின்கள் எல்லாம் வந்தவர் போனவருக்குக் காப்பி போடப் பயன்பட்டன.

இரண்டாம் நாள் போயிற்று. மூன்றாம் நாள் நான் கண்ணை மூடவில்லை. பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்தபடியே இருந்தேன். நான்காம் நாள் விடிந்து, எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்த அன்று, என் கணவர் கடைக்குப் போன பிறகு, அத்தை தன் டிரங்குப் பெட்டியைத் திறந்தார். அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே ஒரு புதுச் சட்டை. மஞ்சள் நிறம், கழுத்தைச் சுற்றிப் பச்சை நூலில் தையல். மடிப்பு விழுந்த இடத்தில் மட்டும் நிறம் மங்கியிருந்தது.

"போன தடவை வாங்குனது" என்றார். "உனக்கு எட்டு மாசம் இருக்கையில, புதுமண்டபத்துத் துணிக் கடையில. பாத்ததும் ஆசையாப் போச்சு. கூடாதுனு தெரியும். தெரிஞ்சே வாங்கிப்புட்டேன்."

நான் அந்தப் பச்சைத் தையலைத் தடவிப் பார்த்தேன்.

"உன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் சொல்லணும்னு வரும். எப்படிச் சொல்ல? உன் பிள்ளைய நாந்தான் தின்னேன்னு எப்படித் தாயி சொல்ல?"

அந்தக் கடுமை எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்தது. மூன்று வருஷமாக இந்த மனுஷி இதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறார். நான் எழுந்தேன். பச்சை உடம்பு, ஏறக் கூடாது என்று அவர் கத்தக் கத்த, ஸ்டூலில் ஏறிப் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தேன்.

"நானும் வாங்கினேன் அத்தை. ஸ்டாம்பு வச்சுத்தான் அனுப்பினேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். இது வந்து ஒன்றரை மாசமாச்சு. இந்தா, இவளைப் பாருங்க. இவளுக்கு ஒண்ணும் ஆகல. அப்ப உங்க சட்டையும் ஒண்ணும் செய்யல."

அத்தை பெட்டியைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். திரும்பவும் பெட்டியைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எம்புட்டுக்கு ஸ்டாம்பு?"

"எட்டணா."

விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டார். "எட்டணாதான. நான் மூணு ரூவா குடுத்தேன்" என்று சொல்லிச் சட்டையைப் பழையபடி மடிக்க ஆரம்பித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். கோரிப்பாளையத்துச் சட்டையைக் கழற்றிவிட்டு, மஞ்சள் சட்டையை என் மகளுக்குப் போட்டேன். அவசரத்தில் முடிச்சு விழவில்லை. அத்தை தடுக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கை நீளமாக இருந்தது, பிள்ளையின் விரல்கள் வெளியே தெரியவில்லை. அவள் பாட்டுக்குத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் அத்தை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டினார். துவட்டி, சாம்பிராணிப் புகை காட்டினார். நான் கோரிப்பாளையத்துச் சட்டையை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"மஞ்சச் சட்டை எங்க?" என்று கேட்டார்.