யோசனை சொல்லக் கூடாத கூட்டம்

எனக்கு இன்சுலின் தொடங்கிய ஆண்டில், டாக்டர் என்னை ஒரு கூட்டத்துக்குப் போகச் சொன்னார். தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளினிக்கின் மாடியில், சனிக்கிழமை மாலைகளில், சர்க்கரை நோய் உள்ளவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். வாரம் முழுக்க வகுப்பில் பேசுகிற எனக்கு அது வேண்டாத வேலையாகப் பட்டது. ஆனாலும் போனேன்.

நடத்தியவர் ஒரு மனநல ஆலோசகர். என் மகள் வயதுதான் இருக்கும். முதல் நாளே சொல்லிவிட்டார்: "இங்க யாரும் யாருக்கும் யோசனை சொல்லக் கூடாது. கேக்கலாம், உங்களுக்கு நடந்ததைச் சொல்லலாம். அம்புட்டுதான்."

மதுரையில் இது கடினமான விதி. சர்க்கரை என்றால், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர்கூட பாகற்காய்ச் சாறு குடிக்கச் சொல்வார். எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். யார் பேசினாலும் "வெந்தயத்த ஊறப்போட்டு" என்று தொடங்குவார். ஆலோசகர் பார்ப்பார். கண்டக்டர் நிறுத்திக்கொள்வார்.

இன்னொருவர் மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருந்தார். "நல்லாத்தான் இருக்கேன் டீச்சர்" என்பார். அதற்கு மேல் பேச மாட்டார். திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்து பெருவிரலை எடுத்துவிட்டார்கள் என்று கண்டக்டர்தான் விசாரித்துவந்து சொன்னார். ஆலோசகர் போன் செய்தபோது "வாரேன், வாரேன்" என்றாராம். வரவில்லை.

மழை பெய்த ஒரு சனிக்கிழமை, கம்பை ஊன்றி மாடியேறி வந்து உட்கார்ந்தார். அவர் காலைப் பார்த்துவிடக் கூடாது என்று எல்லோரும் முகத்தையே பார்த்தோம். செருப்பில்லாமல் நடந்தீர்களா, பாதத்தைத் தினமும் பார்த்தீர்களா என்றெல்லாம் கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. அவையெல்லாம் கேள்வி மாதிரி இருக்கும் அதட்டல்கள். விழுங்கிக்கொண்டேன்.

கண்டக்டர் வாயைத் திறந்தார். வெந்தயம் வரப்போகிறது என்று நினைத்தேன்.

"தூக்கம் வருதாண்ணே?" என்று கேட்டார்.

பூக்கடைக்காரர் கம்பைத் தரையில் கிடத்தினார். பிறகு சொன்னார்: "இல்ல. ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தவுக எல்லாம் 'ஏன் கவனிக்காம விட்ட'ன்னுதான் கேட்டாக. எம் மகளும் அதேதான் கேட்டா. விரல் போனதக்கூட தாங்கிக்கிடலாம். தப்புப் பண்ணவன் மாதிரில்ல பாக்குறாக."

'அப்படி நினைக்காதீங்க' என்று யாரும் சொல்லவில்லை. அதுவும் யோசனைதான். வேறு யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று ஆலோசகர் கேட்டார். பள்ளிக்கூடக் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் ஊசி போடுகிறேன் என்று சொன்னேன். அதை வெளியே சொன்னது அதுவே முதல் தடவை.

"டீச்சருக்குமா?" என்றார் பூக்கடைக்காரர்.

கண்டக்டர், தன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலே எல்லோர் கண்ணும் தன் தட்டில்தான் இருக்கும் என்றார். அன்று கூட்டம் முடிய நேரமாயிற்று.

அதன்பிறகு பூக்கடைக்காரர் தவறாமல் வந்தார். மகளிடம் மட்டும், "இனிமே அந்தக் கேள்விய கேக்காத தாயி" என்று சொல்லிவிட்டாராம். அவளும் கேட்பதில்லை. எனக்குச் சர்க்கரை இறங்கியது, தேர்வு மாதத்தில் மறுபடி ஏறியது. ஊசியை இப்போது ஸ்டாஃப் ரூமிலேயே போட்டுக்கொள்கிறேன். புதிதாக ஆசிரியர் யாராவது சேர்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் கூச்சம் வருகிறது.

ஆலோசகருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் கூட்டம் நின்றுபோனது. சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் இன்னும் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். பூக்கடைக்காரருக்குக் கால் வலித்தால் அவரே சொல்வார். சேர்ந்து உட்கார்ந்துகொள்வோம்.