வல்லூறுக்கு ஒரு சைனேத்தே

லியோகாதியோ கோழிக் கொழுப்பை நகமளவு துண்டுகளாக நறுக்கிக்கொண்டே தன் வசனத்தையும் முணுமுணுப்பான். கட்டையில் அமர்ந்திருக்கும் பெண் வல்லூறு அவனையே பார்த்துக்கொண்டிருக்கும். கோதுமைக் கிடங்கின் மேல் அவளைப் பறக்கவிட்டுப் புறாக்களை விரட்டுவது அவன் பிழைப்பு. நற்கருணைத் திருநாளில், கோயில் முற்றத்துப் பக்தி நாடகத்தின் நடுவே வரும் சின்னச் சிரிப்பு நாடகத்தில் தூங்குமூஞ்சி நாவிதனாக நடிப்பது அவன் சந்தோஷம். அந்தச் சிரிப்பு நாடகத்துக்கு எங்கள் ஊரில் சைனேத்தே என்று பெயர்.

அவனுடைய நாவிதன் அங்கிக்கு நான் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தபோது, அது என்ன பெயர் என்று கேட்டேன்.

"வல்லூறு கைக்குத் திரும்பி வந்தா ஒரு கொழுப்புத் துண்டு குடுப்போமே, அதுக்குத்தான் மொதல்ல அந்தப் பேரு அக்கா. அப்புறம் சாப்பாட்டுல ருசிக்குச் சேக்குறதுக்கு வந்துச்சு. கடைசியாத்தான் நாடகத்துக்கு. ஜனங்களுக்கும் சிரிக்க ஒரு துண்டு குடுத்தாத்தானே எழுந்து போகாம உக்காருவாங்க."

தினமும் வல்லூறைத் தராசில் நிறுத்துப் பார்த்த பிறகே பறக்கவிடுவான். பசி இருந்தால்தான் பறவை கைக்குத் திரும்பும். இந்தத் திருநாள் காலையில் மட்டும் அவனுக்கு மனசு இளகிவிட்டது. நாம் ஆட்டுக்கறி தின்கையில் அவள் மட்டும் பட்டினியா என்று முழுக் காடையைக் கொடுத்தான். நிறுக்காமலே பறக்கவும் விட்டான். அவள் மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி, வெயிலில் கரைந்த மாதிரி ஆற்றோர நெட்டிலிங்க மரங்களின் பக்கம் போய்விட்டாள்.

பகல் முழுக்க வயலில் நின்று கூப்பிட்டான். ரொட்டிக்கடை வென்செஸ்லாவோ கிண்டல் செய்தார்.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருந்தாக்கூட இப்படித் தேடியிருக்க மாட்டே."

"அவ போனா அவங்கம்மா வீட்டுக்குத்தான் போவா மாமா. இவளுக்கு வானம் பூரா வீடு. ஒரு ராத்திரி வெளிய தங்கிட்டா என் கையை மறந்துடுவா."

இன்று நடிக்க வேண்டாம், போய்த் தேடு என்று சாமியார் சொல்லிப் பார்த்தார். ஊர் காத்துக்கொண்டிருக்கிறதே என்று இவன் அங்கியை மாட்டிக்கொண்டான். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அவனுக்காக ஜெபமாலை உருட்டினேன்.

மாலை வெயில் முற்றத்தில் தேன் மாதிரி படிந்திருந்தது. மேடையில் பாதிச் சவரத்திலேயே நாவிதனுக்குத் தூக்கம் வந்தது. கத்தியைக் கீழே போட்டு, சோப்பு நுரை பூசிய ஆளின் தோளில் சாய்ந்து கண்ணை மூடினான். குழந்தைகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. அந்தச் சிரிப்புக்கு நடுவே கோயில் கூரையிலிருந்து, பறவையின் காலில் கட்டிய சிறுமணிச் சத்தம் லேசாகக் கேட்டது. என் விரல் ஜெபமாலையில் நின்றது.

நாவிதன் கண்ணைத் திறக்கவில்லை. அவள் நகம் கிழிக்காமலிருக்கப் போடும் தோல் உறை இல்லாத வெறும் இடது கையை மெல்ல மேலே நீட்டினான். அதுவும் வேடிக்கைதான் என்று ஊர் இன்னும் பலமாகச் சிரித்தது. அவன் கையை இறக்கவில்லை.