மே மாதத்தில் திறந்த அருவி

சுற்றுலாப் பேருந்துகள் எங்கள் பள்ளத்தாக்கில் மூன்று இடங்களில் நிற்கும்: மரத்தேவாலயம், வாஃபிள் கடை, அருவி. தேவாலயம் எண்ணூறு வருடமாக அங்கேயே இருக்கிறது. அருவி அப்படியல்ல. ஜூன் முதல் தேதி காலை பத்து மணிக்கு வரும், ஆகஸ்ட் கடைசியில் போய்விடும். மற்ற மாதங்களில் அந்தத் தண்ணீர் குழாய் வழியாக மலைக்குள் இறங்கி மின்சாரமாகிறது. மேலே அணையில் மதகுச் சக்கரத்தைத் திருப்புகிறவர் ஐவின். படம் எடுக்கிற கூட்டத்துக்கு அப்படி ஓர் ஆள் இருப்பதே தெரியாது.

அந்த வேலையில் அவர் சேர்ந்த நாளிலிருந்து அண்ணன் ஹால்வார் அவரிடம் பேசவில்லை. பத்தொன்பது வருடம். அருவிக்கு எதிரே உள்ள பண்ணையில் பிறந்தவர்கள் இருவரும். அந்த இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தித்தான் பேசவே பழகினார்கள். "அருவிய அடைச்சு வயிறு வளர்க்கிறவன்" என்று ஹால்வார் கடையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். ஐவினும் லேசுப்பட்டவரில்லை. அதன்பின் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை.

மே பதினோராம் தேதி காலை, ஹால்வாரின் மனைவி குட்னி மூச்சிரைக்க அணைக்கு ஏறி வந்தார்.

"அண்ணி! அந்த நொண்டுற காலை வெச்சுக்கிட்டு இவ்ளோ தூரமா?"

"உங்க அண்ணனுக்கு இன்னிக்குத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டார், தம்பி. வாயத் தொறந்தா ஒரே கேள்விதான். தண்ணி வருதா, தண்ணி வருதான்னு."

"என்னையக் கேட்டாரா?"

"இல்ல." குட்னிக்குப் பொய் சொல்ல வராது. "தண்ணியத்தான் கேட்டார்."

"இப்பத் தொறந்தா என் வேலை போயிடும், அண்ணி."

"போகும்தான். நான் கெஞ்ச வரல. அவர் காதுல விழுந்தா நம்ம பண்ணைக் கம்பத்துல கொடிய உச்சிக்கு ஏத்துறேன். இங்கேருந்தே தெரியும்."

குட்னி வீடு போய்ச் சேரும் நேரம்வரை ஐவின் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து சக்கரத்தைப் பிடித்தார். குளிரில் இறுகிக் கிடந்த சக்கரம் மூன்றாவது தள்ளலில்தான் அசைந்தது. பனிக்கட்டிகளைப் புரட்டிக்கொண்டு தண்ணீர் விளிம்பைத் தாண்டியது.

கீழே பண்ணைக் கம்பத்தில் கொடி ஏறியது. உச்சிவரை ஏறி நின்றது.

ஐவின் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். சந்தோஷத்தில் கோட்டைக்கூட எடுக்காமல் பாதையில் ஓடினார். இத்தனை வருடத்தில் ஒருதரமாவது போய் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். சரி, இன்று தட்டுவோம் என்றிருந்தது அவருக்கு. கடைசி வளைவில் நிமிர்ந்து பார்த்தபோது கொடி அரைக்கம்பத்தில் இருந்தது.

கயிற்றைக் கட்டிவிட்டு குட்னி கம்பத்தடியிலேயே நின்றிருந்தார். இரைச்சலில் அவரும் கத்த வேண்டியிருந்தது.

"கேட்டுது, தம்பி! 'ஐவின் தொறந்துட்டான்'னு சொன்னார்! அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல!"

ஜூனுக்கு முன்னால் அருவி எப்படி வந்தது என்று அடுத்த வாரம் மின்நிலையத்திலிருந்து விசாரித்தார்கள். பனி உருகியிருக்கும் என்று ஊரே சாதித்தது. ஐவின் மட்டும் உண்மையைச் சொன்னார்; வேலை போயிற்று. ஆனால் ஐந்தாம் நாள், தேவாலயத்தில் அடக்கம் முடிந்து, ஊர் வழக்கப்படி கொடி மறுபடி உச்சிக்கு ஏறும்வரை அவர் மதகை மூடவில்லை.