பொம்மனஹள்ளியிலிருந்து லிங்கராஜபுரத்துக்கு, கோவா வழியாக

இந்தத் தளத்தில் இதுவரை நான் எழுதியதெல்லாம் காலையில் பெங்களூரில் பஸ் ஏறி, அன்றைக்கே வீடு திரும்பக்கூடிய ஊர்களைப் பற்றித்தான். ஒகேனக்கல், மேகதாது, சிவனசமுத்திரம், அந்தரகங்கை என்று பதினான்கு ஊர். இந்த முறை பொம்மனஹள்ளியிலிருந்து லிங்கராஜபுரம் போன கதை. பதினைந்தரை கிலோமீட்டர். இதற்கெல்லாம் ஒரு பயணக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஊரிலும் சேர்த்து எனக்கு இவ்வளவு வயிறு எரிந்ததில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானும் கோமதியும் ஒரு பயண முன்பதிவுக் கம்பெனியின் கஸ்டமர் கேரில், தமிழ்ப் பிரிவில், ஆறு வருஷமாக வேலை பார்க்கிறோம். பழைய வாசகர்களுக்குக் கோமதியைத் தெரியும். திருப்பத்தூர்க்காரி, பதினான்கு ஊருக்கும் என்னோடு வந்தவள். விமானம் ரத்தாகி அழுகிறவர்களையும், ஹோட்டலில் ரூம் இல்லை என்று கத்துகிறவர்களையும் தமிழில் சமாதானப்படுத்தி, வேறு டிக்கெட் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு மெயில் வந்தது. தமிழ்ப் பிரிவை மூடுகிறார்களாம். இனிமேல் தமிழில் பேசுகிறவர்களுக்கு மெஷினே பதில் சொல்லிவிடுமாம். ஆங்கிலப் பிரிவுக்கு மாற வேண்டுமென்றால் பயண ஆங்கிலத் தேர்வில் பாஸ் செய்ய வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

தேர்வு இதுதான்: உங்கள் கடைசி விடுமுறைப் பயணத்தைப் பற்றி ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். அவர்கள் கொடுத்திருக்கும் பன்னிரண்டு பயணச் சொற்களில் குறைந்தது ஏழு அந்தப் பேச்சில் வர வேண்டும். செட் ஆஃப் என்றால் கிளம்புவது, செக் இன் என்றால் ஹோட்டலில் பெயர் கொடுத்து ரூமுக்குப் போவது, சீ ஆஃப் என்றால் வழியனுப்புவது, ஹெல்ட் அப் என்றால் வழியில் மாட்டிக்கொண்டு நிற்பது, இப்படிப் போகும் அந்தப் பட்டியல். ஆறு வருஷத்தில் ஆயிரக்கணக்கான பேரை விமானத்தில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். நீ எப்போதாவது விமானத்தில் ஏறியிருக்கிறாயா என்று அப்போது ஒருவரும் கேட்டதில்லை. வேலையைப் பிடுங்கும்போதுதான் விடுமுறைக்கு எங்கே போனாய் என்று கேட்கத் தோன்றுகிறது.

பொம்மனஹள்ளியில் ஒரு பேக்கரி மாடியில் மனோகர் சார் ஆங்கில வகுப்பு நடத்துகிறார். எங்கள் டீம் லீடர் கைகாட்டிய இடம். ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆளுக்கு 3,500 ரூபாய். ஒகேனக்கல் போனதைச் சொல்லட்டுமா சார் என்று முதல் நாளே கேட்டேன்.

"ஒகேனக்கல்ல எங்கம்மா செக் இன் பண்ணுவே? பரிசல்லயா?" என்றார். வகுப்பே சிரித்தது. "ஹோட்டல் வேணும், ஏர்போர்ட் வேணும். கோவா போம்மா, கோவா."

போகாத கோவாவுக்கு அவரே ஒரு பயணம் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு, டைப் அடித்த தாளை இரண்டாக மடித்துக் கையில் வைத்தார். "உனக்குன்னே ஸ்பெஷலா எழுதினது. யாருக்கும் காட்டாத. போட்டி ஜாஸ்தி" என்றார். நான் காட்டவில்லை. ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிற கோமதிக்குக்கூடக் காட்டவில்லை. அவளும் எனக்குக் காட்டவில்லை. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணிக்கு லிங்கராஜபுரத்தில் தேர்வு. 7.10-க்கு வீட்டைவிட்டுக் கிளம்பினோம். 7.25-க்கு சிவாஜிநகர் பஸ் கிடைத்தது, அங்கே இறங்கி வேறு பஸ் மாறலாம் என்று திட்டம். ஆதாரில் கர்நாடக முகவரி இருந்தால் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், எனக்கு இருக்கிறது. கோமதியின் ஆதாரில் இன்னும் திருப்பத்தூர்தான், அவளுக்கு 24 ரூபாய். உட்கார இடம் கிடைத்தது. ஆளுக்கொரு தாளை மடித்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, பரீட்சைப் பிள்ளைகளைப் போல உதட்டை அசைத்துக்கொண்டு வந்தோம். சில்க் போர்டைத் தாண்டும்போது 7.50. இது நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும்.

நல்ல நேரம் மடிவாளா வரைக்கும்தான். 8.05-க்கு ஒரு பெருமூச்சு விட்டு பஸ் நின்றது. டிரைவர் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு ஸ்டியரிங்கில் கையைப் போட்டார்.

"எல்லா இளிரி, இளிரி. பேரே பஸ் பருத்தெ" என்றார் கண்டக்டர். எல்லோரும் இறங்க வேண்டுமாம், வேறு பஸ் வருமாம்.

"எஷ்டொத்து ஆகுத்தெ சார்?" என்று, எவ்வளவு நேரமாகும் எனக் கேட்டேன்.

"ஐது நிமிஷா மேடம்."

அந்த ஐந்து நிமிஷம் அரை மணி நேரமானது. வந்த இரண்டு பஸ்ஸும் படியில் ஆள் தொங்க நிற்காமல் போயின. கடல் வற்றினால் கருவாடு தின்னலாம் என்று நின்ற கொக்கின் கதிதான் எங்களுக்கு. ஆப்பில் ஆட்டோ போட்டால் வருகிறேன் என்று சொல்லிவிட்டு ரத்து செய்கிறார்கள். 8.35-க்கு ஒரு ஆட்டோக்காரர் தானாக வந்து நிறுத்தினார். லிங்கராஜபுரம் என்றதும் 400 கேட்டார். கோமதி பேசி 300-க்குக் கொண்டுவந்தாள்.

ஆட்டோக்காரர் நீலசந்திராக்காரர், தமிழ். ஹோசூர் ரோட்டில் போனால் சாயங்காலம்தான் போவீர்கள் என்று சொல்லி, ஆடுகோடி தாண்டி அவருடைய ஏரியாவுக்குள்ளேயே வண்டியை விட்டார். அங்கே ஒரு சந்தில் தண்ணீர் லாரி குறுக்கே நின்றது. லாரிக்காரன் டியூபைப் போட்டுவிட்டு போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, பத்து மணிக்கு எங்களுக்குப் பரீட்சை. வேலையே அதுலதான் இருக்கு" என்றாள் கோமதி.

"இருங்கம்மா." அவர் இறங்கிப் போய், தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் லாரிக்காரனை மாறிமாறித் திட்டினார். மூன்று மொழியிலும் அவருக்கு வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. அதற்கு யாரிடம் வகுப்புக்குப் போனாரோ. பன்னிரண்டு நிமிஷம் கழித்து லாரி பின்னால் நகர்ந்தது. அல்சூர், காக்ஸ் டவுன் வழியாக லிங்கராஜபுரத்தில் இறங்கியபோது மணி 9.50. பதினைந்தரை கிலோமீட்டருக்கு இரண்டு மணி நாற்பது நிமிஷம். இறங்கும்போது "நல்லா எழுதுங்கம்மா" என்று சொல்லிப் பத்து ரூபாயைத் திருப்பிக் கொடுத்தார், டீ குடிக்கச் சொல்லி. அன்றைய தினம் எங்களிடம் நியாயமாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான்.

தேர்வு நடக்கும் இடம் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. எங்கள் பிரிவிலிருந்து மொத்தம் ஒன்பது பேர், எல்லோரும் மனோகர் சாரிடம் படித்தவர்கள். கோமதி நான்காவது, நான் ஐந்தாவது. முதல் மூன்று பேர் உள்ளே போனபோது நான் கீழே போய் முகம் கழுவி, பிளவுஸில் படிந்த புகையைத் தட்டிக்கொண்டிருந்தேன். மேலே வந்தபோது கோமதி உள்ளே இருந்தாள். கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு, பேசுவது தெளிவாகக் கேட்டது.

கோவாவில் கோமதியின் ஸ்கூட்டர் நின்றுபோனது. ஒரு மீன்காரர் வந்து அவளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டார். அந்த ஜீப்பில் ஒரு நாய் இருந்தது. நாயின் பெயர் டைகர்.

என் கையிலிருந்த தாளைப் பிரித்துப் பார்த்தேன். அதே மீன்காரர், அதே ஜீப், அதே டைகர். ஒரு எழுத்துகூட மாறவில்லை. உனக்குன்னே ஸ்பெஷலா எழுதினது! ஒன்பது பேரின் வயிற்றுப்பாட்டை ஒரே ஜெராக்ஸில் முடித்திருக்கிறார் அந்த மனுஷன். பஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே டைகரைத்தான் ஒருவருக்கொருவர் கையால் மறைத்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

கோமதி சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். "ஒரு இடத்துலகூட நிக்கலடி. கடகடன்னு வந்துடுச்சு" என்று என் கையைப் பிடித்து அழுத்தினாள். அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவளிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

உள்ளே ஐம்பது வயதுள்ள ஒரு மேடம். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். நான் உட்கார்ந்ததும் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை கேட்டார். "கோவா?"

"நோ மேடம். மடிவாளா" என்றேன்.

அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் பேச ஆரம்பித்தேன். தயார் செய்யவில்லை, யோசிக்கவும் இல்லை. வயிற்றெரிச்சலில் வந்தது. காலையில் எப்போது கிளம்பினோம், பஸ் எங்கே நின்றது, எப்படி இறக்கிவிட்டார்கள், யாரும் எங்களை ஏற்றிக்கொள்ளவில்லை, நீலசந்திராவில் ஒரு தண்ணீர் லாரியால் எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டோம், எல்லாம் சொன்னேன். இலக்கணத்தைக் கேட்டால் எனக்குத் தெரியாது. செட் ஆஃபும் பிரேக் டவுனும் ஹெல்ட் அப்பும் தானாக வந்து உட்கார்ந்தன. ஹோட்டலில் செக் இன் செய்தாயா என்று கேட்டார். இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷமாகிறது, இங்கே எந்த ஹோட்டலிலும் நான் செக் இன் செய்ததில்லை, ஆனால் தினமும் பத்துப் பேரைச் செக் இன் செய்து வைக்கிறேன் என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கடைசியில் அவர் கேட்டார், நாங்கள் நாங்கள் என்கிறாயே, உன்னோடு யார்?

என் தோழி, எனக்கு முன்னால் வந்தவள் என்றேன். இப்போதே அவளைக் கூப்பிட்டு இந்தப் பஸ்ஸைப் பற்றிக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்லுவாள் என்றேன். பன்னிரண்டு கேள்வி கேட்டிருந்தாலும் அவள் பதில் சொல்லியிருப்பாள்.

மேடம் முதல் தடவையாகத் தமிழில் பேசினார். "ஒரு நாளைக்கு ஒருத்தருக்கு ஒரு தடவைதாம்மா. ரூல்ஸ் அப்படி. காலைலேர்ந்து நாலு டைகர் பார்த்துட்டேன், நான் என்ன பண்ணட்டும்?"

சாயங்காலம் ஐந்து மணிக்கு மெயில் வந்தது. நான் பாஸ். கோமதி பெயில். அவளுக்கு வந்த ரிசல்ட் பாரத்தில் இரண்டு வரி எழுதியிருந்தார்கள்: மனப்பாடம் செய்த பதில். பயண அனுபவம் இல்லாதவர். இரண்டாவது வரியைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அந்தரகங்கையில் குரங்கு என் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது நான் வாயைப் பிளந்து நின்றேன், பாறை மேல் ஏறிப் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள். அவளுக்குப் பயண அனுபவம் இல்லையாம்! லிஸ்டில் நான் நான்காவதாகவும் அவள் ஐந்தாவதாகவும் இருந்திருந்தால், டைகரைப் பற்றி நான் பேசியிருப்பேன். இதுதான் எங்கள் இரண்டு பேரின் ஆங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசம்.

மறுநாள் மனோகர் சார் போன் செய்தார். பணத்தைத் திருப்பித் தரத்தான் கூப்பிடுகிறார் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், என் புத்தி அப்படி. "கங்கிராட்ஸ்மா! மடிவாளா பஸ் கதை சொன்னியாமே. அதைக் கொஞ்சம் எழுதி அனுப்பேன். அடுத்த பேட்ச்சுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. நீலசந்திரா ஆட்டோக்காரர் கேட்டிருந்தால் பாராட்டியிருப்பார்.

இந்தத் தேர்வுக்குப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். ஹோசூர் ரோட்டுப் பக்கமிருந்து வருகிறவர்கள் காலை 6.30-க்கே கிளம்பிவிடுங்கள். கையில் 350 ரூபாயாவது ஆட்டோவுக்கு இருக்கட்டும். அந்தக் கட்டிடத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது, பாட்டில் கொண்டுபோங்கள். பன்னிரண்டு சொற்களைக் கற்றுக்கொள்வது கஷ்டமே இல்லை, இரண்டு வாரம் போதும். பஸ்ஸில் உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே நடப்பதை அந்தச் சொற்களில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள், ஒட்டிக்கொள்ளும். உனக்குன்னே ஸ்பெஷல் என்று யாராவது தாளை மடித்துக் கொடுத்தால், அங்கேயே பிரித்துப் பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டுங்கள். என்னுடைய மடிவாளா பஸ்ஸையும் சொல்லாதீர்கள், அந்த மேடம் அதைக் கேட்டாகிவிட்டது.

கோமதிக்கு இன்னும் ஒரு வாய்ப்பு உண்டு, வரும் இருபத்தொன்றாம் தேதி, அதே மேடத்திடம். அந்தப் பஸ் கதையையே உன் பாணியில் சொல்லேன் என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன்.

"அந்த பஸ்ல நானும்தான்டி இருந்தேன். முந்நூறுக்குப் பேசினதே நான்தான். இப்ப நான் போய்ச் சொன்னா, உன்னைப் பார்த்து மனப்பாடம் பண்ணேன்னு எழுதுவாங்க" என்றாள். சண்டை போடுகிற குரலில்கூடச் சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நாங்கள் போன பதினான்கு ஊரும் என் பெயரில் இந்தத் தளத்தில் இருக்கின்றன, அவற்றையும் அவள் தொட மாட்டாளாம்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை கோமதி, நாங்கள் இன்னும் போகாத தலக்காட்டுக்குப் போகிறாள். நானும் வருகிறேன் என்று பையை எடுத்தேன்.

"நீ வராதடி. நீ வந்தா அதுவும் உன் கதையாயிடும்" என்றாள்.

ஆகவே தலக்காட்டுக்கு எத்தனை மணிக்குப் பஸ், டிக்கெட் எவ்வளவு, ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று யாரும் என்னிடம் கேட்காதீர்கள். அந்த ஊரைப் பற்றி நான் எழுத மாட்டேன். அது அவளுடையது.