ஏரிக்கரையைச் சுற்றி வந்தவள்

கார்த்திகை மழையில் பாகூர் ஏரி நிரம்பி, எங்கள் கொல்லைக்குப் பின்னால் இருந்த சந்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அன்று காலை கொல்லைப் பட்டியில் என் மகளின் செம்மறியாடு குட்டி போட முடியாமல் கிடந்தது. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் ஒன்பது மாத வயிற்றோடு அதன் பக்கத்திலேயே நின்றாள்.

அந்த ஆட்டைக் குட்டியிலிருந்து வாரத்துக்கு, ஈற்றில் பங்கு பேசி, வளர்த்தவள் சேரியிலிருந்த ஒரு பெண். ஆட்டுக்குப் பிரசவம் சிக்கலானால் ஊரே அவளைத்தான் கூப்பிடும். ஆள் அனுப்பினேன். ஓடிவந்து தெருவில் நின்றாள்.

"தண்ணிக்கொடம் எப்ப ஒடைஞ்சிச்சி, ஆண்டே?"

"விடியறப்பவே."

"அப்ப நேரமில்ல. வூட்டு வழியா வந்துட்டன்னா பாத்துடுவேன்."

கொல்லைக்கு வீட்டு வழியை விட்டால் ஏரிக்கரைப் பக்கமிருந்து வரும் அந்தச் சந்து ஒன்றுதான். எதிர்வீட்டார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏரிக்கரையச் சுத்தி வா" என்றேன். பிரெஞ்சுக்காரர்களின் கொம்யூன் ஆபீசில், ஊர் நிர்வாக அலுவலகத்தில், எழுத்துவேலை எனக்கு. சமத்துவம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அச்சிட்ட காகிதத்தில்தான் தினமும் எழுதினேன்.

அவள் வருவதற்குள் எனக்குப் பதற்றம் தாளவில்லை. ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே தெரிந்தது. மாட்டுப் பிரசவம் பற்றி ஆபீசுக்கு வந்த துண்டறிக்கையைப் படித்திருந்தேன். காலில் துணியைச் சுற்றி இழுத்தேன்.

"வுடு நைனா, அவங்க வரட்டும்" என்றாள் மகள். நான் விடவில்லை.

இடுப்புவரை நனைந்து வந்தவள் என்னை விலகச் சொன்னாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி விளக்கெண்ணெய் தடவினாள். ஆடு முக்குவது நிற்கும்வரை பொறுத்து, நான் இழுத்த காலை மெதுவாக உள்ளே தள்ளினாள்.

"தல பின்னால திரும்பிக் கெடக்குது. நீங்க இழுக்க இழுக்க இன்னும் மடங்கிக்கிச்சி. இதென்னா தேரா, வடம் புடிச்சி இழுக்க?"

தலையைத் தேடித் திருப்பிக் குட்டியை எடுத்தாள். மூக்கைத் துடைத்து, வைக்கோலால் தேய்த்து, பின்னங்கால்களைப் பிடித்துத் தொங்கவிட்டுப் பார்த்தாள். மூச்சு வரவில்லை. ஆடு மட்டும் பிழைத்தது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா" என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டு, வந்த தண்ணீரிலேயே இறங்கிப் போனாள்.

"எனக்கும் இப்பிடி ஆச்சின்னா, வர்றவங்க இன்னா சாதின்னு பாத்துதான் உள்ள வுடுவியா?" என்று மகள் கேட்டாள்.

"அது வேற, இது வேற" என்றேன். என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை.

"வில்லியனூர்ல எங்க மாமியாரு வூட்டுக்குக் கன்னியாஸ்திரி நர்சு வருவாங்க. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க" என்றாள்.

மறுநாள் காலை வண்டியேறிவிட்டாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த பெண் வயிற்றோடு திரும்பிப் போவது எங்கள் தெருவில் நடந்ததில்லை. வண்டிக்குப் பின்னால் சிறிது தூரம் நடந்தேன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பேரன் பிறந்ததும் பார்க்கப் போனேன். "ஏன் சம்பந்தி பொண்ண அனுப்பிட்டீங்க?" என்று அவள் மாமியார் கேட்டார்.

"ஏரித் தண்ணி ஏறிடுச்சி. மருத்துவச்சி வர வழியில்ல" என்றேன்.

மகள் அருகில்தான் இருந்தாள். குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்றது. அவள் என்னைப் பொய்யன் என்று காட்டிக்கொடுக்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.