கடைசிவரை பார்க்கப்படாத படம்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். உண்மையைச் சொன்னால் "அப்போ புதுப் படமெல்லாம் ஓசியில பாப்பியா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். இணையத்தில் தமிழ்ப் படங்களும் நாடகங்களும் காட்டும் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறேன். படங்களை ஏற்றுவதும் இறக்குவதும் எங்கள் குழுவின் வேலை. ஏற்றுகிற அன்றைக்கு இயக்குநரில் ஆரம்பித்து அவர் மச்சான்வரை நன்றி சொல்வார்கள். இறக்குகிற அன்றைக்கு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

ஊழியர்களுக்கு ஆளுக்கொரு இலவசக் கணக்கு உண்டு. என்னுடையதை அப்பாவின் கைப்பேசியில் போட்டுக் கொடுத்திருந்தேன். அப்பா பெடாஸ் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறார். எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டி ஓய்ந்தவர். நான் சிரம்பானை ஒட்டிய ராசாவில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் போய் வருவேன். என்னோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டால், "அங்க வந்து சுவத்தையா பாத்துக்கிட்டு ஒக்காரச் சொல்ற?" என்பார். தோட்டத்தில் அவருக்குப் பார்க்க அம்மா இருந்தாள்.

அம்மா இறந்து சில வருஷங்கள் ஆகின்றன. முதலில் சர்க்கரை, பிறகு சிறுநீரகம், பிறகு சிரம்பான் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அலைச்சல். கேமராவைக் கண்டால் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிறவள் அவள். கல்யாண வீட்டு வீடியோக்களில் எங்கள் வீட்டின் சார்பாக அம்மாவின் முதுகுதான் இருக்கும். அப்படிப்பட்டவள் ஒரு படத்தில் வந்தாள் என்றால் நம்பமாட்டீர்கள்.

அவள் நோயில் விழுவதற்கு முன்பு, எங்கள் தோட்டத்தில் ஒரு தொலைக்காட்சிப் படம் எடுக்க இளைஞர் கூட்டம் ஒன்று வந்தது. அவர்களுக்குக் கோவில் மண்டபத்தில் சமைத்துப் போட்டவள் அம்மா. பக்கத்து வீட்டுப் பெண்ணாக நடிக்க வேண்டியவர் அன்றைக்கு வரவில்லை. "அக்கா, நீங்க எங்ககிட்ட தினமும் சொல்றத அப்படியே சொல்லுங்க, போதும்" என்று அம்மாவைக் கரண்டியோடு இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்திவிட்டார்கள். படத்தின் ஆரம்பத்திலேயே அந்தக் காட்சி வரும். பஸ்ஸைவிட்டு இறங்கி வரும் கதாநாயகன் பையை வைத்துவிட்டு உடனே வெளியே கிளம்புவான். அம்மா வாசலில் நின்று, "வந்ததும் வராததுமா எங்க கெளம்பிட்ட? ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்பாள். அவன் நிற்காமல் போவான். அம்மா தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மொத்தமே ஒரு நிமிடம்தான் இருக்கும்.

அப்பா தினமும் காலையில் தேநீரோடு உட்கார்ந்து இதைத்தான் பார்ப்பார். அம்மா உள்ளே போனதும் மூடிவிடுவார். மிச்சப் படத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

"முழுசா பாருங்களேம்பா" என்று ஒருமுறை சொன்னேன்.

"பாத்துக்கலாம், என்னா அவசரம்? பின்னால எங்கியாச்சும் வருவால்ல. இருக்கட்டும்" என்றார்.

அம்மா அதற்குப் பிறகு வரவே மாட்டாள். படத்தை ஏற்றியதே நான், எனக்குத் தெரியாதா? அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.

அம்மா கைப்பேசிக்குள்ளேதான் இருக்கிறாள் என்பது அப்பாவின் நினைப்பு. படம் கைப்பேசியில் இருப்பதில்லை. அதைச் சில விநாடித் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் தெளிவாக ஒன்று, சுமாராக ஒன்று, மங்கலாக ஒன்று என்று எங்கோ ஒரு கணினியில் வைத்திருப்போம். கைப்பேசி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்கும். லைன் மோசமாக இருந்தால் மங்கலான துண்டுதான் போகும். அதனால் அம்மா எங்கள் வீட்டில் முதலில் முகமில்லாமல்தான் வருவாள், பேச வாயெடுக்கும்போது கண்ணும் மூக்கும் வரும். அப்பா நாற்காலியை லைன் நன்றாகக் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்ப்பது அதற்காகத்தான்.

பார்த்தது அப்பா மட்டுமில்லை. எங்கள் தோட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஒன்று வந்தால் லயத்து வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வந்த மாதிரி. ஊழியர் கணக்குக்கு இத்தனை கைப்பேசிதான் என்ற கட்டுப்பாடும் கிடையாது. மிச்சமிருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் என் பாஸ்வர்ட் மனப்பாடம். ஆயிரம் படங்கள் இருந்தும், முதலில் அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் மற்றது. "அக்காவப் பாத்துட்டேன்" என்று அப்பாவிடம் வந்து சொல்வார்கள். நிறையப் பேர் திறந்தால் படத்துக்கு நல்லது என்றும் நினைத்தார்கள். பாசத்தில் ஒரு குறையும் இல்லை.

ஒரு நாள் மாதாந்தரக் கூட்டத்தில் மேலாளர் அந்தப் படத்தின் பெயரைச் சொன்னார். ஒப்பந்தம் முடியப் போகிறது, புதுப்பிக்கத் தேவையில்லை என்றார். எங்கள் தொழிலில் ஒரு படத்தை எத்தனை முறை திறந்தார்கள் என்பது பெரிய விஷயமில்லை. எவ்வளவு தூரம் பார்த்தார்கள், எத்தனை கணக்குகளிலிருந்து பார்த்தார்கள் என்பதுதான் பேச்சு. "தொறக்குறாங்க, ஒரு நிமிஷத்துல ஓடிடுறாங்க. அதுவும் ஒரே அக்கவுண்ட். இத விட மோசமான படம் நம்மகிட்ட இல்ல லா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் தோட்டத்து ஜனங்களும் பாசத்தோடு திறந்து திறந்து மூடியதெல்லாம், படம் பிடிக்காமல் எழுந்து போனதாகப் பதிவாகியிருந்தது.

கூட்டம் முடிந்ததும் மேலாளரிடம் போய், அது என் அம்மா என்று சொன்னேன். சிரித்ததற்காக அவர் மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷர்தான். ஆனால், நாங்கள் காட்டுவதற்கு உரிமை வாங்கியவர்கள், படத்துக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. ஒப்பந்தம் முடிந்தால் எங்களிடம் உள்ள பிரதியை அழித்தாக வேண்டும். எடுத்தவர்களோ உரிமையை ஓர் ஏஜெண்டிடம் விற்று, கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள், ஒரு பிரதி கேட்க எங்கே தேடியும் ஆள் அகப்படவில்லை. "மாசக் கடைசிக்குள்ள கொஞ்சம் பேர் கடைசிவரைக்கும் பாத்தா, மேல பேசிப் பாக்குறேன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். நிறையப் பேர், கடைசிவரை பார்க்க வேண்டும், ஆளுக்கொரு கணக்கு புதிதாகத் திறந்து பார்க்க வேண்டும் என்று நிதானமாகச் சொன்னேன்.

அப்பா, "கடைசிவரைக்குமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, "சரிம்மா, நான் ஆளுங்ககிட்ட சொல்றேன்" என்றார்.

அடுத்த வாரம் நான் போனபோது கோவில் மண்டபம் நிறைந்திருந்தது. சிரம்பானுக்கும் பெடாஸ் டவுனுக்கும் குடியேறிப் போனவர்கள்கூட மோட்டார் சைக்கிளிலும் காரிலும் வந்திருந்தார்கள். சுவரில் வெள்ளை வேட்டி கட்டி, யாரோ புரொஜெக்டர் கொண்டுவந்து, அப்பாவின் கைப்பேசியை அதில் மாட்டியிருந்தார்கள். ஆளுக்கொன்று என்று நான் சொன்னதை, ஆளெல்லாம் சேர்ந்து என்று நடத்திவிட்டார்கள். எங்கள் ஜனங்களுக்குக் கூடிச் செய்தால்தான் ஒரு காரியம் செய்த மாதிரி இருக்கும். கலைத்துவிட்டு ஆளுக்கொரு மூலையில் போய்ப் பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அம்மா சுவர் உயரத்துக்கு வந்தாள். "ஒரு வாய் சாப்பிட்டுப் போ" என்றதும் பெண்கள் அழுதார்கள். அம்மா உள்ளே போனாள், படம் ஓடியது. யாரும் எழுந்திருக்கவில்லை. நான் படத்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தேன். சுவரில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அவர் முன்னால் குனிந்தார். ஒவ்வொரு பெண்ணின் முதுகு தெரிந்தபோதும் கழுத்தை நீட்டினார். கடைசியில் பெயர்கள் ஓடின. அதிலும் அம்மா இல்லை.

"எல்லாரும் முழுசா பாத்துட்டோம் லா. இனி தூக்க மாட்டானுங்கதானே?" என்று பக்கத்து வீட்டு மாமா கேட்டார். நான் தலையை ஆட்டி வைத்தேன். அப்பா கைப்பேசியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே, "அப்புறம் அவ வரவே இல்லியேம்மா" என்றார்.

மறுநாள் அலுவலகத்தில் பார்த்தேன். அத்தனை பேரும் உட்கார்ந்து பார்த்தது, ஒரு கணக்கிலிருந்து ஒரு முறை என்று இருந்தது. மாதக் கடைசியில் படத்தை இறக்கினோம். அதற்குமுன் திரையை என் கைப்பேசியில் வீடியோ பிடித்து அம்மாவின் நிமிடத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். கோடு கோடாக இருந்தது, குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது. அவர் நன்றாக இருக்கிறது என்றார்.

பிறகு ஒரு நாள், "நான் மூடி மூடி வச்சதாலயா?" என்று கேட்டார். இல்லப்பா, ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு, அவ்வளவுதான் என்றேன். அவர் நம்பவில்லை என்று தெரிந்தது.

நேற்று ரயிலில் வரும்போது வெகுநாளைக்குப் பிறகு என் கணக்கைத் திறந்தேன். பாதியில் விட்ட படங்கள் ஒரு வரிசையாக வந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. பார்த்த தூரம்வரை அடியில் சிவப்புக் கோடும், பக்கத்தில் திறந்த நேரமும் போட்டிருக்கும். தள்ளத் தள்ள வரிசை முடியவே இல்லை. பழைய படம், புதுப் படம், நாடகம், எதையும் விடவில்லை. எல்லாம் காலையில், தேநீர் வேளையில் திறந்தவை. ஒவ்வொன்றிலும் சிவப்புக் கோடு ஆரம்பத்திலேயே நின்றிருந்தது. அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்துவிட்டார், அதில் அவள் மறுபடி வரவில்லை. அதனால் அப்பா மற்றப் படங்களில் அம்மாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.